டப்பா டோலஃப்சனின் இரட்டை அதிர்வு

எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் ஒரே நடைபாதையில் எதிரெதிர் கதவுகள். கட்டியவன் எவனோ இரண்டு கூட்டத்தையும் பழிவாங்கியிருக்கிறான். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே நாற்றம் போகும், அங்கிருந்து எங்களுக்குச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் முக்கால்வாசி இயற்பியல் பேராசிரியை மார்லிஸ் டோலஃப்சனுடையது. நான் வேதியியல்காரன், பெயர் ஆர்டெல் க்ரூகர். இந்த எல்க் ஃபோர்க் ஊரில், விஸ்கான்சின் குளிரில், அவளுக்கு எதிர்க் கதவாக இருந்தே என் தலைமுடி நரைத்துவிட்டது. மிச்சமிருந்தது கொட்டியும் விட்டது.

ஆள் குள்ளம். வெயில் காலத்திலும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருவாள். சீட்டாட்டத்தில் எதிராளியை விட்டுவிட்டுக் கூட்டாளியைத் திட்டுகிற ஜாதி. ஒவ்வொரு கோடையிலும் இளங்கலைப் பிள்ளைகள் மூன்று பேரைக் கல்லூரி வேனில் ஏற்றிக்கொண்டு, பக்கத்து மாநிலத்தில் இருக்கிற, அணுத் துகள்களை வேகமேற்றுகிற முடுக்கி எந்திரத்துக்குப் போவாள். எர்பியம் என்கிற உலோகத்தின் பொடியை நியூட்ரான்களால் அடித்து, அதிலிருந்து வரும் காமா கதிர்களைப் பிடித்துக்கொண்டு திரும்புவாள். பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டக்காரர்கள் செய்கிற வேலை இது. எங்கள் கல்லூரியில் அந்த வகையறாவே கிடையாது. இருப்பது பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்தான். அவள் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

என்னதான் தேடுகிறாள் என்று ஒருமுறை தேவாலய விருந்தில் பாதிரியார் கேட்டுத் தொலைத்தார். நீளமான அச்சில் செய்த பச்சை ஜெல்லி மேசையில் இருந்தது. மார்லிஸ் அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எல்லா அணுக்கருவும் உருண்டைன்னு நெனைக்காதீங்க ஃபாதர். எர்பியத்தோடது இப்படி நீளமா இருக்கும். இப்ப ஒரு தட்டு தட்டறேன். பாருங்க, ஆடுது இல்ல? அணுக்கருவும் இப்படித்தான் ஆடும். இதுவரைக்கும் சண்டையே இல்ல."

"அப்புறம் எதுல சண்டை?"

"ஆடிட்டிருக்கும்போதே இன்னொரு தட்டு தட்டினா? ஆட்டத்து மேல ஆட்டம் ஏறுமா, இல்ல எல்லாம் கலைஞ்சு குழம்பிடுமா? ஏறும்னு நான் சொல்றேன். எர்பியத்துல ஏறாதுன்னு பாதி உலகம் சொல்லுது."

சொல்லிவிட்டு இரண்டாவது தட்டு தட்டினாள். ஜெல்லி பாதிரியாரின் மடியில் போய் உட்கார்ந்தது. "பாத்தீங்களா, இதனாலதான் யாராலயும் சரியா பாக்க முடியல" என்று சொல்லிக் கைத்துண்டை நீட்டினாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை.

இந்த இரட்டை அதிர்வை அவள் ஒருமுறை கண்டுபிடித்தும் இருக்கிறாள். இளம் வயதில், கல்லூரிக்கு வந்த புதிதில், ஒரு பெரிய மாநாட்டில் மேடையேறிப் படம் போட்டுக் காட்டினாள். காமா கதிர்களை வரைந்தால் திரையில் சின்னதும் பெரியதுமாக மேடுகள் தெரியும். சரியான இடத்தில் ஒரு மேடு தெரிந்தால் இரட்டை அதிர்வு இருக்கிறது என்று அர்த்தம். அவள் காட்டிய மேடு சரியான இடத்தில்தான் இருந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "அம்மணி, நீங்கள் கண்டுபிடித்திருப்பது எர்பியத்தை அல்ல, அதைப் போட்டு வைத்த டப்பாவை" என்றார். பொடியை வைத்திருந்த உலோக டப்பாவிலிருந்து வந்த மேடு அது. அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் அவள் பெயர் டப்பா டோலஃப்சன். இன்னொரு தடவை தப்பாக வாயைத் திறந்தால் அதோடு கதை முடிந்தது, பிறகு ஒருவரும் அவள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். வாயைத் திறக்காமலே ஓய்வு பெற்றால் ஆயுள் முழுவதும் தேடியது மண்ணோடு போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

டப்பா விவகாரத்துக்குப் பிறகுதான் அவள் முட்டை வழக்கத்தை ஆரம்பித்தாள். ஈஸ்டருக்குத் தோட்டத்தில் முட்டை ஒளித்துப் பிள்ளைகளைத் தேடவிடுகிறோமே, அது மாதிரி. எந்திரத்திலிருந்து கொண்டுவந்த தரவுக்குள் ஒரு பொய் மேட்டை ஒளித்துவைத்துவிட்டு மாணவர்களிடம் கொடுப்பாள். ஆசைப்பட்டதைக் கண்டால் உடனே நம்பிவிடக் கூடாது என்பது பாடம். கோடை முடிவில் எது நிஜம், எது முட்டை என்று எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும். வயதில் சின்னவர் முதலில், மார்லிஸ் கடைசியில். ஆளுக்கு ஒரு ஓட்டு, அவளுக்கும் ஒன்றுதான். சமமாகப் பிரிந்தால் அந்த மேடு தள்ளுபடி. ஓட்டுப் போட்ட பிறகுதான் முட்டை எங்கே என்று சொல்லலாம். சொன்ன பிறகு யாரும் ஓட்டை மாற்றக் கூடாது.

ஒரே ஒரு தொல்லை. மார்லிஸுக்கு முகத்தை அடக்கத் தெரியாது. மாணவர்கள் முட்டைக்குப் பக்கத்தில் போனால் முனகிப் பாட ஆரம்பித்துவிடுவாள். பிள்ளைகள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய பாட்டைக் கேட்டே முட்டையைப் பிடித்தார்கள். கடைசியில் மூன்று கோடைக்கு முன்னால் என் கதவில் வந்து நின்றாள்.

"ஆர்டெல், இந்த வருஷம் முட்டைய நீ வையி. எனக்கும் சொல்லாத."

"எனக்கு உங்க இயற்பியல் ஒண்ணும் புரியாதே."

"அதான்யா வேணும். மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியக் கூடாது. உன் மூஞ்சில எப்பவுமே ஒண்ணும் தெரியறதில்ல."

புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். பழைய மாணவன் ஒருவன் எழுதிக்கொடுத்த நிரல் ஒன்று இருந்தது. இடத்தையும் உயரத்தையும் ஒருமுறை சொன்னால் போதும், எல்லா ஃபைலிலும் அதே இடத்தில் ஒரு மேட்டை நட்டுவிடும். திரையில் கூட்டமில்லாத ஓர் இடமாகப் பார்த்து நட்டேன். கோப்பையில் இருந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ஜூலையில் ஒருநாள் எதிர்க் கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுவே என்னவோ போலிருந்தது. பிறகு மார்லிஸ் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"உன் மூஞ்சியக் காட்டு."

"எதுக்கு?"

"சும்மா காட்டுய்யா." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். "இரட்டை அதிர்வு எங்க இருக்கணுமோ அங்கயே ஒரு மேடு இருக்கு. அழகா, சின்னதா, உக்காந்திருக்கு."

அது என் முட்டை இல்லை. என்னுடையது வேறு மூலையில் இருந்தது. அப்படியானால் அங்கே இருப்பது யாரும் நட்டதில்லை, தரவிலேயே வந்தது. அந்த நிமிடத்தில் உலகத்திலேயே அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். அணுக்கருவைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னால் தோற்றுப்போகிற ஒரு வேதியியல்காரன். வாயைத் திறந்தாலும், முகம் மாறினாலும், அவளுடைய சட்டப்படி அந்தக் கோடையே ரத்து. நான் என் வருமான வரியை நினைத்துக்கொண்டு கொட்டாவி விட்டேன்.

"பாவி, ஒண்ணுமே தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நடந்த கொடுமையை என்ன சொல்ல. தினமும் காலையில் அந்த மேடு பொய் என்று நிரூபித்துக் கொல்லக் கிளம்புவாள். காலி டப்பாவை மட்டும் வைத்து அளந்த பழைய தரவை எடுத்துப் பார்த்தாள். அதில் மேடு இல்லை. சுவரிலிருந்து வருகிறதா, கருவியிலிருந்து வருகிறதா, பொடியில் கலந்த அழுக்கிலிருந்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கிளறினாள். ஒன்றும் தேறவில்லை. சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் கதவுக்கு வந்து, "இன்னும் சாகல" என்பாள். ஆசைப்பட்ட பொருள் கையில் இருக்கிறது, அதைக் கொல்ல முடியவில்லை என்று ஒரு பொம்பளை அழாத குறையாக நிற்கிறாள். நானோ வாயில் கொழுக்கட்டை. எல்லாச் சந்தேகமும் தீர்ந்து கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. இது ஆர்டெல் வைத்த முட்டையா?

ஓட்டெடுப்பு எப்போதும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலோடு, ஏரிக்கரை ஹானிஷ் கடையில். வெயில் இன்னும் தண்ணீரில் கிடந்தது. மார்லிஸுக்கு பிராந்தி, பிள்ளைகளுக்கு ரூட் பியர் என்கிற சோடா, எனக்கு இரண்டு தட்டு மீன். பிள்ளைகள் மூன்று பேர், மார்லிஸை டாக்டர் டி என்றுதான் கூப்பிடுவார்கள். பால்பண்ணைக்காரர் வீட்டு எம்மெட் ஹால்வர்சன் முதலாம் ஆண்டு. மாய் சீ வாங் இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமைச் சந்தையில் அப்பா அம்மாவோடு காய்கறி விற்று வளர்ந்த, அகதிகளாக வந்து குடியேறிய ஹ்மாங் இனத்து வீட்டுப் பெண், அவளிடம் யாரும் பேரம் பேசி ஜெயித்ததில்லை. டெஸ்ஸா போலன்ஸ்கி மூன்றாம் ஆண்டு. யாராவது ஆமாம் என்றால் இல்லை என்பதற்கென்றே பிறந்தவள்.

எம்மெட்தான் முதலில். "நிஜம். ஏன்னு கேக்காதீங்க, மாய் சீ சொல்லுவா."

"சந்தையில அவகிட்டயே ஒரு மூளையும் வாங்கிக்கடா" என்றாள் டெஸ்ஸா.

மாய் சீ முள்கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சந்தேகப்படற மாதிரி ரெண்டு மேடு இருக்கு. கருவிய பொடியச் சுத்தி ஒவ்வொரு கோணமா நகர்த்தி அளந்தோம் இல்ல, கோணத்துக்கு ஒரு ஃபைல். ஒரு மேடு எல்லா ஃபைல்லயும் ஒரே எடத்துல நிக்குது. இன்னொண்ணு கோணத்துக்குக் கோணம் கொஞ்சம் நகருது. அடிபட்டு ஓடற அணுக்கருவுலேருந்து வந்தா அப்படித்தான் நகரும், கிட்ட வந்து தாண்டிப் போற ஆம்புலன்ஸ் சத்தம் மாறற மாதிரி. டாக்டர் டி ஆசைப்படற மேடு நகருது. அதனால அது நிஜம். நிக்கறதுதான் முட்டை."

"முட்டைய நகர வைக்க முடியாதா?" என்றாள் மார்லிஸ்.

"முடியும். ஆனா அந்த நிரல் ஒரே எடத்துலதான் நடும். நகர வைக்கணும்னா ஒவ்வொரு ஃபைலா திறந்து, கணக்குப் போட்டு, தனித்தனியா நடணும். டாக்டர் க்ரூகர் அவ்ளோ வேலை செய்வாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீனில் முள் தேடினேன்.

"எங்க பரீட்சைப் பேப்பரெல்லாம் அவரு கார் பின்சீட்டுலதான் கெடந்துச்சு. மேல நாய் படுத்திருந்துச்சு" என்றாள் மாய் சீ.

"எங்களுக்குப் போன வருஷத்துக் கேள்வித்தாளையே குடுத்தாரு" என்றான் எம்மெட். "மேல இருந்த தேதியக்கூட மாத்தல."

நான் சோம்பேறி இல்லை என்றால் ஒரு பக்கம் சாட்சி சொன்னதாகும். சோம்பேறிதான் என்றால் மறுபக்கம். அணுக்கரு இயற்பியலின் பெரிய கேள்வி ஒன்று என் சோம்பேறித்தனத்தில் வந்து தொங்குகிறது, நானோ அதைப் பற்றி முனகக்கூட முடியாது. வேகவைத்த உருளைக்கிழங்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

"சோம்பேறிதான், ஒத்துக்கறேன்" என்றாள் டெஸ்ஸா. "ஆனா குசும்பு புடிச்ச சோம்பேறி. குசும்புன்னு வந்துட்டா அவரு தூங்கவே மாட்டாரு. இன்னொண்ணு, அவருக்குத் தெரிஞ்ச எடமே அது ஒண்ணுதான். டாக்டர் டி தினம் மத்தியானம் சாண்ட்விச்சோட அதைத்தானே அவரு காதுல ஓதறாங்க. நிக்கற மேடு இந்த வருஷம் எந்திரத்துகிட்ட புதுசா வெச்ச ஈயச் சுவர்லேருந்து வருது. நகர்றதுதான் முட்டை. என் ஓட்டு முட்டை."

நிஜம் என்று இரண்டு, முட்டை என்று ஒன்று. மார்லிஸும் நிஜம் என்று சொல்லிவிட்டால் மேடு அவளுடையது. முட்டை என்றால் சரிசமம், தள்ளுபடி. சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

மார்லிஸ் கிளாஸை மேசையில் மெல்லச் சுற்றினாள். என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர் ஹார்லன் செத்துப்போன குளிர்காலம் உங்களுக்கெல்லாம் தெரியாது. நான் வீட்டை விட்டு வெளியவே வரல. ராத்திரியெல்லாம் பனி கொட்டும். காலைல ஜன்னல்ல பாத்தா, வாசல்லேருந்து ரோடு வரைக்கும் யாரோ வாரித் தள்ளியிருப்பாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, அந்தக் குளிர்காலம் பூரா. யாருன்னு ஒருத்தரும் சொல்லல. ஆனா எங்க தெருவுல எல்லாரும் ஓரத்தைக் கோடு போட்ட மாதிரி வெட்டுவாங்க. குடிகாரன் நடந்த மாதிரி கோணலா வாரறவன் ஒருத்தன்தான் இருக்கான்."

என் காதெல்லாம் சூடேறிவிட்டது.

"நீங்க சொல்ற சோம்பேறித்தனம் உங்களுக்கு. எனக்குன்னா இவன் செய்வான். ஒவ்வொரு ஃபைலா உக்காந்து செய்வான். ஒரு கோடையாவது அது கைல கெடச்ச மாதிரி இவ சந்தோஷமா இருக்கட்டும்னு நெனச்சாலே போதும், செஞ்சுடுவான்." கிளாஸைக் கீழே வைத்தாள். "என் ஓட்டு முட்டை."

இரண்டுக்கு இரண்டு. போயிற்று.

என் வாழ்நாளில் நான் யாருக்கும் தெரியாமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அது என் கண் முன்னாலேயே எழுந்து வந்து, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லி, அவளுடைய மேட்டைத் தின்றுவிட்டது. பேசாமல் பனியில் அவளைப் புதைய விட்டிருக்கலாம் என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நினைத்தேன். இனி நான் வாயைத் திறக்கலாம்.

"நிக்கறதுதான் என்னோடது" என்றேன்.

டெஸ்ஸா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். எம்மெட் துள்ளி எழுந்தான். "அப்ப இன்னொரு தடவ ஓட்டுப் போட்டாப் போச்சு."

"உக்காருடா" என்றாள் மார்லிஸ். "தெரிஞ்சப்புறம் போடறது ஓட்டே இல்ல."

"உங்களோட மேடு டாக்டர் டி! நீங்க போட்ட சட்டம்தானே!"

"அதனாலதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுவாள், அல்லது கிளாஸை எறிவாள் என்று நினைத்தேன். எறிந்தால் ஒதுங்குவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன்.

"பனி?" என்றாள்.

"அது நான்தான்."

"இது?"

"இது நான் இல்ல மார்லிஸ். இது எர்பியம்."

சிரித்தாள். பிராந்தி புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே அது அழுகையாகவும் மாறியது, அதையும் அவள் மறைக்கவில்லை. மாய் சீ தன் கைத்துண்டை எடுத்துக் கொடுத்தாள். எனக்கும் கண் கலங்கியது, மீன் மேல் எலுமிச்சை பிழிந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அடுத்த தடவ முட்டை வைக்க உன்னைக் கூப்பிட மாட்டேன்" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே. "என்னைக் கண்டா ஆகாத ஆளா ஒருத்தரைப் புடிக்கணும்."

"நம்ம காலேஜ்ல அதுக்கா பஞ்சம்."

அந்தக் கோடை அறிக்கையில் அந்த மேட்டைப் பற்றி 'உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதி, பிள்ளைகளையும் எழுத வைத்தாள். வேறு எவராக இருந்தாலும் கமுக்கமாக மாற்றியிருப்பார்கள், நானே மாற்றியிருப்பேன். எந்திரத்தில் மறுபடி நேரம் கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. உறுதியில்லாததை இன்னொரு முறை அளக்க வேண்டும் என்று அவள் கேட்டால், நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற குழுவில் பழைய டப்பாக் கதையை எடுத்துவிட ஆள் இருந்தார்கள். இருந்தும் போன கோடைக்குக் கொடுத்தார்கள். மாய் சீ அதற்குள் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டாள். கூடப் புதிதாக இரண்டு பிள்ளைகள்.

முட்டை வைத்தவர் பொருளாதாரத் துறை ப்ராக்னோ. கார் நிறுத்துகிற இடத்துக்காக மார்லிஸோடு ஏழெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். அவளிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டியதில்லை என்றதும் சம்மதித்துவிட்டார். நானும் ஓட்டெடுப்புக்குப் போனேன், மீனுக்காக. அதே இடத்தில் மறுபடியும் அந்த மேடு. பிள்ளைகள் மூன்று பேரும் நிஜம் என்றார்கள். மார்லிஸ் ப்ராக்னோவை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு எனக்காக ஒரு குச்சியக்கூட நகர்த்த மாட்டாரு. நிஜம்" என்றாள். ப்ராக்னோ தன் முட்டை எங்கே என்று சொன்னார். வேறு எங்கோ இருந்தது. நாலு ஓட்டும் நிஜம்.

கட்டுரை வெளியாகிவிட்டது. முதல் பெயர் மாய் சீ வாங். கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல நன்றிகள். எந்திரத்தை ஓட்டியவர்களுக்கு, பணம் கொடுத்தவர்களுக்கு, முட்டை வைத்த ப்ராக்னோவுக்கு. அதற்கும் கீழே ஒரு வரி: 'எதுவும் செய்யாமல் இருந்ததற்காக ஆர்டெல் க்ரூகருக்கு.' ஆய்விதழின் ஆசிரியர் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாராம். முடியாது, இந்தக் கட்டுரையிலேயே 'கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்' என்கிற பிழை வரம்பு இல்லாத ஒரே முடிவு அதுதான் என்று மார்லிஸ் பதில் எழுதிவிட்டாள்.